கழற்றியது மாலை 7.06

வியாழக்கிழமை, காலை 10.48.

விளக்கை அணைத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தபோது கிருஷ்ணபிரசாத்தின் வலது கண்ணுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அவருக்கு மட்டும் கேட்ட சத்தம். வலி இல்லை. தலையை நிமிர்த்தி, "லைட்டைப் போடுங்க" என்றார். போட்டார்கள். எதிரே நின்றவர்களின் முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. முகத்தைத் திருப்பினார். வட்டமும் கூடவே திரும்பியது. அப்போதுதான் அவர் கத்தினார்.

அந்தக் கத்தலைக் கேட்டுப் பரிதாபப்பட்டவர்கள் அந்தக் கட்டடத்தில் அதிகம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்.

தெலுங்கும் உருதுவும் புழங்கும் லோத்குண்டாவில் ராணுவ நிலத்தின் மதிலை ஒட்டி இருக்கும் ஒரு சிறிய தனியார் கருவிக்கூடம் அது. வடக்கே ஏதோ ஒரு மலைமேல் இரண்டு தொலைநோக்கிகள் தள்ளித் தள்ளி நின்று ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கப்போகின்றன. அவை பிடிக்கும் வெளிச்சம் இரண்டும் ஒரு மேசைக்கு வந்து சேர வேண்டும். நடந்து வந்த தூரம் இரண்டுக்கும் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. பிசகாவிட்டால் மேசையில் வண்ணக்கோடுகள் தெரியும். பிசகினால் வெறும் வெளிச்சம்தான். அந்த மேசையைச் செய்து, அதன் கண்ணாடிகளை நிறுத்தி, அளந்து சரிபார்ப்பதுதான் இங்கே வேலை. அன்று அதை வாங்கப்போகிறவர்கள் மூன்று பேர் பக்கத்து அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலை 11.35.

இன்ஸ்பெக்டர் சபீனா லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பூர்வீகம் ஆம்பூர். கோபம் வந்தால் அவருடைய தமிழுக்குள் இந்த ஊர் உருதுவான தக்கினி புகுந்துவிடும். ஆய்வறைக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றும்போது தன் கை செக்கச்செவேல் என்று இருப்பதைப் பார்த்தார். கதவருகே ஒரு கொக்கி. அதற்கு நேர் மேலே ஒரு சிவப்பு பல்பு.

"இது எதுக்கு சிவப்பு?"

"கண்ணு இருட்டுக்குப் பழகணும் இல்லையா மேடம். எல்லா டார்க் ரூம்லயும் போடுவாங்க" என்றான் சுதர்சன். கூடத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவனுடையது.

"இங்க எப்பவுமே சிவப்புதானா?"

"கவனிச்சதில்ல மேடம். நான் சாஃப்ட்வேர் ஆளு. லென்ஸ், கண்ணாடி எதையும் தொட என்னை விடவும் மாட்டாங்க. தொட்டா ரேகை விழுமாம்."

சம்பவம் நடந்தபோது இருட்டறைக்குள் நான்கு பேர். கூடத்தை நடத்தும் கிருஷ்ணபிரசாத், சுதர்சன், கருவிகளைப் பொருத்தும் ஃபெலிக்ஸ், அவனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் சுபாஸ்ரீ. சபீனா ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்.

"என்ன நடந்தது, சுருக்கமா."

"மேசையில ரெண்டு வெளிச்சம் ஓடும் மேடம்" என்றான் ஃபெலிக்ஸ். நாற்பத்தைந்து வயது. பேசும்போது கைகள் அசையவே இல்லை. "ஒண்ணு சாதாரண வெள்ளை வெளிச்சம். இன்னொண்ணு தூரத்தை அளக்கற லேசர். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா கண்ணுல பட்டா கண்ணு போச்சு. அதனால எல்லாரும் காகிள்ஸ் போட்டிருப்போம்."

"அவர் ஏன் போடல?"

"காகிள்ஸ் வழியா வண்ணக்கோடு சரியாத் தெரியாது. ஒரு கருவி முடிஞ்சா முதல் வண்ணக்கோட்டை வெறும் கண்ணாலதான் பார்க்கணும்னு இங்க ஒரு வழக்கம். கேமராவுக்கு அப்புறம்தான் காட்டுவோம். அதை சார்தான் பார்ப்பார். வேற யாரையும் விடமாட்டார். லேசர் ஷட்டரை மூடி, 'மூடியாச்சு'ன்னு சொல்லுவோம். அவர் கார்டை வச்சுப் பார்ப்பார். லேசர் பட்டா கார்டுல ஆரஞ்சுப் பொட்டு தெரியும். தெரியலைன்னா காகிள்ஸைக் கழட்டிட்டுக் குனிவார்."

"கார்டுக்கும் குனியறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"ஒரு செகண்டு. கார்டை எடுத்த இடத்துலயே கண்ணை வைப்பார்."

"ஷட்டரை மூடினது?"

ஃபெலிக்ஸ் சுபாஸ்ரீ நின்ற பக்கம் பார்த்தான். "சுபாஸ்ரீ. ஆனா அவ மூடினா மேடம். நான் ஷட்டருக்குப் பக்கத்துல, வெள்ளை விளக்கு ஸ்விட்ச்கிட்ட நின்னேன். அந்தக் கார்டுதான் பழசு. அதை டெஸ்ட் பண்ணுங்க."

சுபாஸ்ரீக்கு இருபத்துநான்கு வயது.  "மூடினேன் மேடம். சத்தியமா மூடினேன். மூடிட்டுச் சுவரோரமா வந்து நின்னுட்டேன். லைட் போட்டப்ப ஷட்டர் திறந்திருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல."

"ஷட்டர் எப்பவும் ஃபெலிக்ஸ் வேலை" என்றான் சுதர்சன், கேட்காமலேயே. "இன்னிக்கு சார் கடைசி நிமிஷத்துல இவளை நிக்கச் சொன்னார். 'நான் தூக்கி விட்ட பொண்ணு'ன்னு கெஸ்ட்டுங்ககிட்ட காட்டணும் இல்ல?"

புறப்படும்போது ஃபெலிக்ஸ் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். தரையில் கிடந்த கார்டும், கழற்றிய காகிள்ஸும். லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளில் மூலை மடித்துச் சுற்றி, மேலே பெயர், தேதி, எடுத்த நேரம் எழுதியிருந்தது. எந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்புக்குறிகூட இருந்தது.

"எங்க கான்ஸ்டபிள்களுக்கு நீங்க வந்து கிளாஸ் எடுக்கலாம்" என்றார் சபீனா.

"முன்னாடி இங்க இருந்த லட்சுமணன் அண்ணன் சொல்லிக்கொடுத்தது மேடம். இங்க பொருத்தற வேலையில இருக்கற எல்லாரும் இப்படித்தான். கை தானாச் செய்யும்."

மதியம் 12.40.

கண் மருத்துவமனையில் கிருஷ்ணபிரசாத்தின் இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பாது என்று டாக்டர் வெளியிலேயே சொல்லிவிட்டார். சென்னையில் படித்த தமிழ் கிருஷ்ணபிரசாத்துக்கு நன்றாகவே வந்தது. வசவும் அதே தமிழில் வந்தது.

"சுபாஸ்ரீ லட்சுமணன் பொண்ணு. நாலு வருஷம் முன்னாடி அவனுக்கும் இதே மாதிரி ஆச்சு. காகிள்ஸ் போடாம குனிஞ்சான், கண்ணு போச்சு. அவன் தப்பு. விசாரணையிலயும் அதான் எழுதினாங்க. அவனை வீட்டுக்கு அனுப்பிட்டு, பாவம்னு பொண்ணுக்கு வேலை கொடுத்தேன். காத்திருந்து பழி வாங்கிட்டா."

"நீங்களும் காகிள்ஸ் இல்லாமதானே குனிஞ்சீங்க?"

"நான் கார்டு வச்சுப் பார்த்தேன்! பொட்டு இல்ல. நான் குனிஞ்சதும் அவ திறந்திருக்கா. எழுதிக்கோங்க. ஷட்டரைத் திறந்தவங்கதான் குற்றவாளி. குனிஞ்சவன்மேல எந்தத் தப்பும் இல்ல. அப்படியே எழுதுங்க."

சபீனா அப்படியே எழுதினார். படித்துக் காட்டினார். பேனாவைப் பிடித்துக்கொடுத்து, கை வைக்க வேண்டிய இடத்தையும் காட்டினார். கிருஷ்ணபிரசாத் புகாரில் கையெழுத்துப் போட்டார்.

மதியம் 2.15.

ஸ்டேஷனில் டியூப்லைட்டுக்குக் கீழே மேசைமேல் அந்தக் கார்டு கிடந்தது. ஏட்டு சாம்பசிவம் டி.வி. ரிமோட்டை அதன்மேல் வைத்து அழுத்தினார். ரிமோட்டிலிருந்து வருவதும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான். கார்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது.

"கார்டு பாகனே உந்தி மேடம்" என்றார். நன்றாகவே இருக்கிறதாம்.

அப்படியானால் சுபாஸ்ரீக்கு வழியே இல்லை. கார்டு நல்ல கார்டு. அதில் பொட்டு தெரியவில்லை என்றால் அப்போது ஷட்டர் மூடியிருந்தது. அப்புறம் திறந்தது என்றால் திறந்தவள் அவள்தான். காரணமும் இருக்கிறது, அப்பாவின் கண். மாலை ஆறு மணிக்குள் கைது காட்டும்படி மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. கருவி வாங்க வந்த மூன்று பேருக்கும் டெல்லியில் பெரிய இடத்துப் பழக்கம்.

வெளியே பெஞ்சில் ஒருவர் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். லட்சுமணன். ஒரு கண் போய்விட்டது, மற்றதில் புரை. யாரோ நடந்து வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

"என் பொண்ணு செய்யல மேடம்" என்றார். "செய்யணும்னா நான் செஞ்சிருப்பேன். நாலு வருஷமா தினமும் மனசுக்குள்ள செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தாள் நல்லா இருக்கக் கூடாதுன்னு சாமிகிட்டயே கேட்டிருக்கேன். ஆனா அவ கைக்கு அதைக் கொடுக்க மாட்டேன்."

இப்படி வெளிப்படையாகச் சொல்கிற மனிதரைச் சந்தேகப்படச் சபீனாவுக்கு மனம் வரவில்லை. உள்ளே போய், விசாரணைக்கு அழைத்து வந்திருந்த சுபாஸ்ரீக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கார்டை எங்கிருந்து எடுத்தார் உங்க சார்?"

"வாசல் கொக்கிலேருந்து மேடம். எப்பவும் அங்கதான் தொங்கும். உள்ள லைட்டை அணைச்சப்புறம்தான் சார் வருவார், வர்றப்ப கை தானா எடுத்துக்கும்."

"கைக்கு? எதுக்கு டிராயர்ல வைக்காம விளக்கடியில தொங்க விடறீங்க?"

"அது வெளிச்சம் குடிக்கணும் மேடம். முதல்ல நல்ல வெளிச்சத்துல இருந்தாத்தான் அப்புறம் லேசரைக் காட்டும். சும்மா இருட்டுல கிடந்தா காட்டாது."

"எந்த வெளிச்சமா இருந்தாலும் சரியா?"

"வெள்ளை வெளிச்சம். சிவப்பு பட்டா உள்ள இருக்கறதும் போயிடு..." சுபாஸ்ரீ நிறுத்திவிட்டாள். சபீனாவையே பார்த்தாள். "மேடம், இன்னிக்கு அங்க சிவப்பு எரிஞ்சது."

"ஹவ், ஆமா. நேத்து?"

"நேத்து சாயங்காலம் நான் கிளம்பறப்ப வெள்ளைதான்."

"காலையில பார்த்தப்ப ஏன் கேட்கல?"

"கெஸ்ட் வர்றாங்க, சார் கண்ணு பழகணும்னு யாரோ மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

மதியம் 3.30.

சபீனா ஆய்வறை வாசலுக்குத் திரும்பினார். கார்டைக் கொக்கியில் மாட்டிச் சிவப்பு விளக்கடியில் அரை மணி நேரம் விட்டார். பிறகு இருட்டறைக்குள் எடுத்துப்போய் ரிமோட்டை வைத்து அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷன் டியூப்லைட்டில் வெளிச்சம் குடித்திருந்த நல்ல கார்டு, குருட்டுக் கார்டாகிவிட்டது.

ஆக, பல்பை மாற்றியவன்தான் கார்டைக் குருடாக்கியவன். அவனுக்கு ஷட்டர் திறந்திருப்பதை மறைக்க வேண்டியிருந்தது. கார்டுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு நொடிதான் என்பதால், கார்டு வைப்பதற்கு முன்பே ஷட்டரைத் திறந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கழற்றிய வெள்ளை பல்பு எங்கே?

கூட்டிப் பெருக்கும் சாவித்ரி கையை விரித்தாள். "நேத்தும் இன்னிக்கும் குப்பையில பல்பு இல்லம்மா. இருந்தா நான் எடுத்துட்டுப் போயிருப்பேன், எங்க வீட்டு பாத்ரூம்ல இருட்டு."

சபீனா ஒவ்வொரு டிராயராகத் திறந்தார். 'கழற்றியவை' என்று ஒட்டியிருந்த டிராயரில் லென்ஸ்களும் கண்ணாடிகளும் மெல்லிய தாளில் சுற்றி வரிசையாகக் கிடந்தன. எல்லாம் தட்டையாக இருந்தன. ஒன்று மட்டும் கத்தரிக்காய் மாதிரிக் குண்டாக இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தார்.

மாலை 4.20.

சுதர்சன், சுபாஸ்ரீ, ஃபெலிக்ஸ் மூன்று பேரையும் ஆய்வறை மேசையைச் சுற்றி நிற்கவைத்தார். கூட சாம்பசிவமும் லட்சுமணனும். மேசைமேல் மூன்று புது பல்புகள், ஒரு கட்டு மெல்லிய தாள், ஒரு பேனா.

"ஆளுக்கு ஒரு பல்பு. இப்பதான் கழட்டினீங்கன்னு வச்சுக்குங்க. எடுத்து வையுங்க. அவ்வளவுதான்."

சுதர்சன் குழம்பினான். பல்பை எடுத்து அப்படியே மேசையில் வைத்தான். அது உருண்டது. தரையில் விழாமல் சாம்பசிவம் பிடித்தார்.

சுபாஸ்ரீ யோசிக்கவே இல்லை. தாளை இழுத்தாள், மூலையை மடித்தாள், சுற்றினாள், பேனாவை எடுத்துத் தேதியும் நேரமும் எழுதினாள். எழுதிய பிறகுதான் தான் சுற்றியது ஒரு பல்பு என்று அவளுக்கே உறைத்தது.

ஃபெலிக்ஸ் தாளைப் பார்த்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏன், கை தானாச் செய்யும்னு சொன்னீங்களே?" என்றார் சபீனா. குண்டுப் பொட்டலத்தை அவன் முன் வைத்தார். "நூறு ரூபாய் பல்பு. குப்பையில போட்டிருந்தா சாவித்ரி வீட்டு பாத்ரூம்ல எரிஞ்சிருக்கும், நான் தேடித் தேடி அலைஞ்சிருப்பேன். ஆனா உங்களால போட முடியல. லென்ஸ் தாள்ல சுத்தி, அம்பு போட்டு, 'கழற்றியது மாலை 7.06'ன்னு எழுதி, டிராயர்ல வச்சிருக்கீங்க. இப்படிச் சுத்தத் தெரிஞ்சவங்க இப்ப இங்க ரெண்டு பேர். சுபாஸ்ரீ நேத்து 5.40க்கு வெளியே போனதா கேட் நோட்டுல இருக்கு. 7.06க்கு இருந்தது சுதர்சனும் நீங்களும். சுதர்சன் பல்பை எப்படி வைப்பார்னு இப்பதான் பார்த்தோம். இருட்டுல ஷட்டருக்குக் கை எட்டற தூரத்துல நின்னதும் நீங்கதான். நீங்களே சொன்னீங்க."

ஃபெலிக்ஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை எடுத்தான்.

"ஆமா" என்றான் ஃபெலிக்ஸ். "நான்தான்."

"ஃபெலிக்ஸ்!" என்றார் லட்சுமணன்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க காகிள்ஸ் போடாததுதான் காரணம்னு கையெழுத்துப் போட்டது நான்தான் அண்ணே. அன்னிக்கும் முதல் வண்ணக்கோடுதான். அப்பெல்லாம் அதைப் பாக்கறது நீங்கதான், குனிஞ்சு பாத்துட்டு இருந்தீங்க. சாருக்கு அவசரம், லேசர் ரீடிங் வேணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தன் கையால ஷட்டரைத் திறந்தார். நான் கண்ணால பாத்தேன். அப்புறம் பேப்பரை நீட்டி, 'வேலை வேணுமா வேணாமா'ன்னு கேட்டார். போட்டேன். அன்னையிலிருந்து நான் மனுஷனா இல்ல."

"அதுக்கு இது?" என்றார் சபீனா.

"அதே மேசை, அதே லேசர், அதே கண்ணு. வேற எதுவும் எனக்குச் சமமாத் தோணல. ஷட்டர் என் வேலை மேடம். மூட மறந்துட்டேன், கார்டும் பழசு, விபத்துன்னு சொல்லி வேலையை விட்டுட்டுப் போகலாம்னு இருந்தேன். அந்தாளு கண்ணு போனதுக்கு எனக்கு வருத்தமே இல்ல. எத்தனை தரம் கேட்டாலும் இல்லதான்."

"ஆனா காலையில ஷட்டர் சுபாஸ்ரீ கைக்குப் போயிடுச்சு. அப்ப சும்மா நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அவ மூடிட்டு நகர்ந்த பிறகு, அவர் கார்டு வைக்கறதுக்குள்ள உங்களுக்குப் பத்து செகண்ட் இருந்தது. யோசிக்கப் போதும். நீங்க யோசிச்சுத்தான் திறந்தீங்க."

ஃபெலிக்ஸ் சுபாஸ்ரீ பக்கம் திரும்பினான். "அந்தப் பத்து செகண்ட்ல எனக்கு அண்ணன் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சது. பாப்பா ஞாபகம் வரல. கார்டைப் பழசுன்னு நம்பிடுவீங்கன்னு இருந்தேன். ஆறு மணிக்குள்ள எப்படியும் சொல்லியிருப்பேன்."

சுபாஸ்ரீ அவன் முன்னால் வந்து நின்றாள். "நக்கோ மாமா, வேணாம். அப்பாவுக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னிக்கு உங்க வேலையைக் காப்பாத்திக்க அப்பாவைக் கொடுத்தீங்க. இன்னிக்கு உங்க ஆத்திரத்துக்கு என்னைக் கொடுத்தீங்க."

 சாம்பசிவம் கையைப் பிடித்தபோது ஃபெலிக்ஸ் மறுக்காமல் நடந்தான். கதவருகே நின்று, சிவப்பு பல்பை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

மாலை 5.30.

கண் மருத்துவமனை. கட்டு போட்ட கண்களோடு கிருஷ்ணபிரசாத் தலையணையில் சாய்ந்திருந்தார்.

"பிடிச்சுட்டீங்களா அவளை?"

"பிடிச்சாச்சு சார். சுபாஸ்ரீ இல்ல, ஃபெலிக்ஸ். ஒத்துக்கிட்டார்."

"அந்த நாயா? விடாதீங்க. அதிகபட்சம் என்னவோ அதை வாங்கிக் கொடுங்க."

"கண்டிப்பா. உங்க புகார்லயே வழி இருக்கு." சபீனா காகிதத்தை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். "'ஷட்டரைத் திறந்தவங்கதான் குற்றவாளி. குனிஞ்சவன்மேல எந்தத் தப்பும் இல்ல.' நீங்க சொன்னது. கையெழுத்தும் உங்களுது."

"ஆமா. அதுல என்ன?"

"ஃபெலிக்ஸ் இன்னொண்ணும் சொல்லியிருக்கார் சார். நாலு வருஷம் முன்னாடி ஷட்டரைத் திறந்தது யாருன்னு. பழைய விசாரணையில தன்னைப் பொய் எழுத வச்சது யாருன்னும். சாட்சி சொல்லத் தயாரா இருக்கார். ஜெயிலுக்குப் போறவருக்கு இனி எந்த வேலையும் போகப்போறதில்ல, பாருங்க."

கிருஷ்ணபிரசாத் எழுந்து உட்கார்ந்தார்.  அறைக்குள் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"யாரு? யாரு அங்க நிக்கறது?"

 சபீனா கட்டில் ஓரத்து மேசையில் ஒரு புதிய புகாரை விரித்தார்.

"எங்க போடணும்னு விரல் வச்சுக் காட்டுங்க மேடம்" என்றார் லட்சுமணன். "தப்பான இடத்துல போட்டுடக் கூடாது. நாலு வருஷமா இதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் கிருஷ்ணபிரசாத்தின் கை தன் கட்டைப் பிடித்து இழுக்கப் போனது. நர்ஸ் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். சபீனா விரலை வைத்துக் காட்டினார். லட்சுமணன் குனிந்து, முழுப் பெயரையும் எழுதி, கீழே தேதியும் நேரமும் போட்டார். மாலை 5.41.